முடி உதிரும் ஜூன்

ஃபேர்பிளேயில் ஜூன் மாதத்திலும்
காலை ஏழு மணிக்கு
வாளித் தண்ணீரில் ஏடு கட்டியிருக்கிறது பனி.
கொலராடோவில் பத்தாயிரம் அடி.
வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியதற்கே
நின்று மூச்சு வாங்குகிறேன்.
லோரீன் ஸ்டக்கி
காத்திருப்பது தெரியாதபடி
பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டுகிறாள்.

முதலில் காளை.
கறுப்பு ஆங்கஸ், போன வருடம் கேன்ஸஸில் வாங்கியது.
கழுத்துச் சிரையில் ஊசி, ஊசிக்குள் குழாய்;
இதயத்தின் இரண்டு அறைகளைத் தாண்டி
நுரையீரலுக்குப் போகும் நாளத்தில் அது நுழையும்போது
திரையில் அலை வேறு வடிவம் எடுக்கும்.
எண்பத்து நான்கு.
நாற்பதுக்குள் இருந்தால் மலையில் இருக்கலாம்.
மார்புத் தொங்கலில் ஏற்கெனவே நீர் கோத்திருக்கிறது.
அழுத்தினால்
பிசைந்த மாவில்போல் விரல்குழி நிற்கிறது.
"கீழே அனுப்பிவிடு. இந்த வாரமே."
என்ன விலைக்கு வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

காற்று மெலிந்தால் மாட்டின் நாளங்கள்
பயந்தவன் முஷ்டிபோல் இறுகும்.
சாத்திய கதவை இடித்து இடித்து
இதயம் வீங்கிப்போகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாக்குகள். பதினேழு.
இவற்றின் நாளங்களுக்கு
அந்தப் பயம் போய்ச் சேர்வதே இல்லை.
மெல்லிய சுவர், திறந்த வழி.
மாட்டைவிட ஒரு சோடியோ இரண்டோ விலா அதிகம்,
உள்ளே பெரிய நுரையீரல்.
அம்மா என்று கத்தாது.
துருப்பிடித்த கீல்போல் உறுமும், அதுவும் எப்போதாவது.

"குளிர் ஒன்றும் செய்யாது," என்கிறாள் லோரீன்.
ஜனவரியில் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்க
மூக்கால் தரையைத் தோண்டி மேயுமாம்.
வெயில்தான் ஆகாது. சரியாக வேர்க்கத் தெரியாத உடம்பு,
ஓடையில் போய் நின்றுகொள்ளும்.
மாட்டுக்குப் போடும் வைக்கோலில் பாதிகூட வேண்டாம்,
செம்பு கலந்த உப்புக்கட்டி மட்டும் மறக்கக் கூடாது.
சொல்லிக்கொண்டே
மாவிஸின் விலாவில் சீப்பை இறக்குகிறாள்.

கத்தரிப்பதில்லை. தானாகக் கழலும் மாதம் இது.
மேல்முடிக்கு அடியிலிருந்து
சாம்பல் பஞ்சு
கற்றை கற்றையாகக் கையோடு வருகிறது.

ஒரு முடி போனாலும் உயிரை விடுமாம் கவரிமான்.
ஏழாம் வகுப்பில்
கிளைக்கொம்போடு ஒரு புள்ளிமானை வரைந்து
அடியில் 'மானம்' என்று எழுதிப்
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.
மான் இல்லையாம் அது, மா.
சாமிக்கு வீசும் சாமரம் இதன் வால்.
பிறகுதான் தெரிந்தது,
தெரிந்தபோது மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்க யாருமில்லை.

இதோ நிற்கிறது.
குட்டைக் கால், மூக்கில் வைக்கோல்,
முடியை இழந்தபடியே அசைபோடுகிறது.
சாகும் உத்தேசம் எதுவும்
முகத்தில் இல்லை.

"உன் உதடு நீலமாக இருக்கிறது, டாக்டர்."
இல்லை என்கிறேன்.
மூன்று வருடமாக எல்லோரிடமும் அதையே சொல்கிறேன்.
தலைவலியைக் காப்பிமீது போட்டேன்,
மயக்கத்தைத் தூக்கமின்மைமீது.
அவள் என் விரலைப் பிடித்து
கருவியை மாட்டுகிறாள்.
எண்பத்து நான்கு.
காளைக்கு ஏறக் கூடாத எண்,
எனக்கு இறங்கக் கூடாதது.
இருவரும் காளையைத் திரும்பிப் பார்க்கிறோம்.
முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை.

கொட்டகையிலிருந்து சிலிண்டர் உருட்டி வருகிறாள்.
கன்றுகளுக்கு வைத்திருப்பது.
முகமூடி என் முகத்துக்குப் பெரிசு,
காய்ந்த சீம்பால் வாடை.
தீவன மூட்டைமேல் உட்கார்ந்து
அவள் பார்க்கவே
இழுத்து இழுத்து மூச்சு விடுகிறேன்.
எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு.

கட்டவிழ்த்ததும் மாவிஸ்
உடம்பை ஒருமுறை உதறிவிட்டு
மேட்டுப் பக்கம் நடக்கிறது, அவசரமில்லாமல்.
இடப்பக்கம் மட்டும்தான் சீவியிருக்கிறது.
வலப்பக்கம் நாளைக்கு.